சுரைக்குடுக்கை கசந்த கதை

அந்தக் காலத்தில் சுரைக்காய் கருப்பட்டி மாதிரி இனிக்கும். காயாக இருக்கும்போது மட்டும் இல்லை, முற்றிக் காய்ந்து குடுக்கையான பிறகும் ஓட்டுக்குள்ளே அந்த இனிப்பு இருக்கும். ஆடு மாடு, செடி கொடி எல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. சுரைக்குடுக்கையும் பேசும். அதன் குரல் காலி வயிற்றுக்குள் சுற்றிச் சுற்றி வெளியே வருவதால், யாரோ காதோரம் தாலாட்டுகிற மாதிரி இருக்கும்.

செம்மண் காட்டு ஓரத்தில் மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள். புருசன் உப்பளத்து வேலைக்குக் கடற்கரைப் பக்கம் போயிருந்தான். வீட்டில் அவளும், புருசனின் அக்கா வெயிலுகந்தாளும், கைப்பிள்ளை கொம்பையாவும்தான். பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் மாடத்திக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. பிள்ளை பசியில் கத்துகிறது. பெற்றவளுக்கு வேறு வழி தெரியவில்லை. வேலியில் காய்ந்து தொங்கிய ஒரு சின்னச் சுரைக்குடுக்கையை அறுத்து, உள்ளே சுத்தம் பண்ணி, வாயில் மெல்லிய துணியைத் திரியாகச் சுருட்டி வைத்து, வெள்ளாட்டுப் பாலை ஊற்றிக் கொடுத்தாள்.

பிள்ளை குடித்தான். குடுக்கையின் இனிப்பும் பாலோடு சேர்ந்து இறங்கியது.

"குடி எஞ்சாமி, குடி. நான் இருக்கேன்லா," என்றது குடுக்கை. பிள்ளை அழுகையை விட்டுவிட்டு அந்தக் குரல் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மாடத்தி அன்றைக்குக் குடுக்கையை இரண்டு கையாலும் கும்பிட்டாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். காலையில் குடுக்கை, மத்தியானம் குடுக்கை, தூங்குவதற்குக் குடுக்கை, விழித்தால் குடுக்கை. கொம்பையாவுக்குப் பல் வந்தது, இரண்டு வயதும் தாண்டியது. மற்றப் பிள்ளைகள் கூழ் குடித்துவிட்டு ஓடின. இவன் மட்டும் குடுக்கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். இரண்டு கையும் குடுக்கையைப் பிடித்திருக்கிற பிள்ளை எதைப் பிடித்து எழுந்து நிற்கும்? வயிறு மட்டும் பானை மாதிரி. கால் குச்சி. முகம் வெளுத்துப்போய், முன்பல் கறுத்துப்போய்க் கிடந்தது. பேச்சு என்று பார்த்தால் ஒரே ஒரு சொல்தான். குடுக்கையைக் காட்டி, "குக்கூ," என்பான்.

"ஏட்டி மாடத்தி, நீ பிள்ளை பெத்தியா, பால்பானை பெத்தியா?" என்பாள் வெயிலுகந்தாள். "நாளைக்குக் கல்யாணத்துக்கு மணமேடையில உக்காரும்போதும் இடுப்புல குடுக்கை தொங்கும் பாரு. பொண்ணு வீட்டுக்காரன் மாப்பிள்ளைக்கு மோதிரமா போடுவான், ஒரு ஆட்டைத்தான் பிடிச்சுக் கட்டுவான்."

"சும்மா இருங்க மதினி. பச்சப்பிள்ளை."

"பச்சப்பிள்ளை இல்லட்டி, வெளுத்தப்பிள்ளை."

மாடத்திக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அந்த வருசம் மழை பெய்யவில்லை. வேலியில் இருந்த சுரைக்கொடி கருகியது. ஊருக்குள்ளேயும் அடுத்த ஊரிலும் எல்லாச் சுரைக்கொடியும் கருகிப்போனது. ஒருநாள் பால் கறக்கக் குனிந்தபோது ஆடு சொன்னது:

"தாயி, என் மடியைப் பாரு. தழை இல்ல, புல்லு இல்ல. இது வத்தப் போகுது. உன் மகனுக்கு வேற சாப்பாடு பழக்கிக்கோ."

"அவன் வேற எதையும் வாயில வாங்க மாட்டேங்கானே!"

"வீட்டுல கம்பு இருக்குல்லா? அது இருக்கும்போதே பழக்கு. பால் நின்ன பிறகு பழக்கலாம்னு இருந்தா, பிள்ளை இருக்க மாட்டான்."

ஆட்டுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று நினைக்காதீர்கள். அதுவும் குட்டி போட்டதுதான். உள்ளதைச் சொன்னது.

மாடத்தி அன்றைக்கே ஆரம்பித்தாள். முதலில் மத்தியானக் குடுக்கையை நிறுத்தினாள். சிரட்டையில் கம்பங்கூழைக் கரைத்து நீட்டினாள். கொம்பையா சிரட்டையைத் தட்டிவிட்டான். குடுக்கையை ஒளித்து வைத்தாள். அழுது அழுது மூச்சு நின்று, உதடு நீலமாகி, கண் மேலே சொருகிவிட்டது. வெயிலுகந்தாள்தான் முகத்தில் தண்ணீர் தெளித்து, "குடுத்துரு, குடுத்துத் தொலை!" என்று கத்தினாள். குடுக்கை கைக்கு வந்த பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு வந்தது.

சரி, வேறு வழி பார்ப்போம் என்று பாலில் தண்ணீர் கலந்தாள். முதலில் கொஞ்சம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ருசி குறையக் குறையத் தானாக விட்டுவிடுவான், கூழுக்கு வருவான் என்று நினைத்தாள். ஆனால் அவன் விடவில்லை. பாதித் தண்ணீர் கலந்தாலும் குடித்தான். முக்கால் தண்ணீரையும் சப்புக்கொட்டிக் குடித்தான். குடித்துவிட்டுக் கூழுக்கு வாயை மூடிக்கொண்டான். நாளுக்கு நாள் தலை நிற்காமல் தோளில் சாய ஆரம்பித்தது.

ஒருநாள் மாடத்தி வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டுப் பிள்ளை சிரித்தான். வெறும் தண்ணீருக்கு ஏன் இந்தச் சிரிப்பு என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. குடுக்கையை வாங்கி, மிச்சத்தைத் தன் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள்.

தேன் மாதிரி இனித்தது.

"சுரை," என்றாள். "நீயா?"

குடுக்கையைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நான் பாலைக் குறைக்கக் குறைக்க நீ இனிப்பை ஊத்திக்கிட்டே இருந்தியா? எம்பிள்ளை வெறுந்தண்ணியைக் குடிச்சிட்டுச் சாகக் கெடக்கான், தெரியுமா உனக்கு?"

"அவன் அழுதது பொறுக்கலக்கா," என்றது குடுக்கை. "நீ தண்ணி கலந்த அன்னைக்கு என் வாயைப் பாத்து ஏங்கி ஏங்கி அழுதான். கொஞ்சம் சுரந்தேன். உடனே சிரிச்சான். அதோட…"

"அதோட என்ன?"

"பாலை மறந்துட்டா என்னையும் மறந்துருவானோன்னு பயமா இருந்துச்சு."

மாடத்தி குடுக்கையை ஓங்கினாள். அம்மிக்கல்லில் அடித்துவிடலாம் என்றுதான் ஓங்கினாள். அந்தப் பக்கம் பிள்ளை, "குக்கூ," என்று ஈனக் குரலில் கையை நீட்டினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. இதே குடுக்கை இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை அப்போதே போயிருப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். கீழே வைத்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அவள் அழுகையைக் கேட்டுக் குடுக்கை சொன்னது:

"அக்கா, நீ என்னை உடைச்சா அவன் தேடித் தேடியே போயிருவான். ஒளிச்சாலும் அதேதான். அவனா விடணும். அவனுக்கு என்னைப் பிடிக்காமப் போகணும். என்னை ஓடைக்குத் தூக்கிட்டுப் போ."

ஓடையில் தண்ணீர் இல்லை. மணலில் குமட்டிக்கொடி மட்டும் படர்ந்து கிடந்தது. எந்தப் பஞ்சத்துக்கும் அது வாடாது. உருண்டை உருண்டையாகக் காய்த்திருக்கும், ஆனால் ஆடுகூட வாய் வைக்காது. அத்தனை கசப்பு. சுரைக்கு அது ஒரு வகையில் சொந்தம்தான், போக்குவரத்து இல்லாத சொந்தம்.

"என்ன, சீமாட்டி இந்தப் பக்கம்?" என்றது குமட்டி. "வழி தப்பி வந்துட்டீயளோ?"

"உங்கிட்ட ஒண்ணு கேக்க வந்தேன். கொஞ்சம் கசப்பு வேணும்."

குமட்டி சிரிக்கப் பார்த்தது. மாடத்தியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னட்ட இதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்டதில்ல," என்றது. "குடுக்கேன். ஆனா கேட்டுக்கோ. இது ஏறுனா இறங்காது. இனிப்பு அப்பவே செத்துரும். உன் பேச்சும் போயிரும். நான் பேசுதேனேன்னு பாக்காத, எனக்குப் பொறக்கும்போதே கசப்பு, பழகிப்போச்சு. இனிச்ச நாக்கு தாங்காது."

"பேச்சுமா?"

"பேச்சும்தான். அந்தப் பிள்ளை உன்னைக் கூப்பிடுவான். உன்னால பதில் குடுக்க முடியாது."

ஓடைக் காற்று குடுக்கையின் வாயில் புகுந்து ஊ என்றது.

மாடத்தி கேட்டாள்: "சுரை, அவன்ட்ட ஏதும் சொல்லணுமா? வீட்டுக்குப் போயிட்டு வருவோமா?"

"வேண்டாம்க்கா. நான் போயிட்டு வாரேன்னு சொன்னா அவன் விடமாட்டான். அவன் விடலன்னா எனக்கும் மனசு வராது. இங்கயே செஞ்சிரு."

மாடத்தி ஒரு குமட்டிக்காயைக் கல்லில் தட்டி உடைத்தாள். அதன் சாற்றைத் தொட்டுக் குடுக்கையின் வாயிலும் திரியிலும் தடவினாள். விரலை விட்டு உள்ளேயும் தடவினாள். எந்தக் கையால் இந்தக் குடுக்கையைக் கும்பிட்டாளோ அந்தக் கையாலேயே தடவினாள்.

"அக்கா, நாளைக்கு அவனுக்குக் கூழை ஆறவச்சுக் குடு. சூடா இருந்தா…" என்று சொல்ல வந்தது குடுக்கை. பாதியில் நின்றுவிட்டது. அதுதான் சுரை பேசிய கடைசிப் பேச்சு.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை ஆவலாய் வாங்கி வாயில் வைத்தான். உடனே துப்பினான். முகம் கோணியது. குடுக்கையைத் தூரப் பிடித்துப் பார்த்தான். தன் குடுக்கைதான். திரும்பவும் வைத்தான், திரும்பவும் துப்பினான். பிறகு அதன் வாயில் தன் வாயை வைத்து, "குக்கூ?" என்று கூப்பிட்டான். ஆட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். காதை வைத்துக் கேட்டான்.

பதில் வரவில்லை.

பிள்ளைக்கு என்ன புரிந்ததோ. அழவில்லை. உதட்டை மட்டும் பிதுக்கிக்கொண்டு, "போ!" என்றான். அவன் பேசிய இரண்டாவது சொல் அதுதான். குடுக்கையைத் தூக்கி எறிந்தான். அது வேலிக்கல்லில் பட்டுச் சிதறியது. அன்றைக்குச் சுத்தம் பண்ணும்போது கைக்கு எட்டாமல் உள்ளே ஒட்டியிருந்த விதைகள் மண்ணில் விழுந்தன.

அன்றைக்குப் பூராவும் அவன் எதுவும் தின்னவில்லை. மாடத்தி அவனை மடியைவிட்டு இறக்கவே இல்லை. மறுநாள் கம்பங்கூழை ஆறவைத்து விரலில் தொட்டு நீட்டினாள். வெயிலுகந்தாள்கூடக் கேலி பேசாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை விரலைச் சப்பினான். யோசித்தான். வாயைத் திறந்தான்.

பிழைத்துக்கொண்டான். இரண்டு கையும் காலியாக இருந்ததால் சுவரைப் பிடித்தான், நின்றான், நடந்தான்.

அடுத்த மழைக்கு வேலியில் சுரை முளைத்தது. வேறு எங்கும் கொடி மிஞ்சாததால் ஊர் ஊராக அந்த விதைதான் போயிற்று. பொழுது சாய்கிற நேரம், முன்பு கொம்பையா பாலுக்கு அழுகிற அதே நேரம், அந்தக் கொடி பால் நிறத்தில் பூ விரித்தது. மாடத்தி ஒரு காயைப் பக்கத்தில் போய்த் தொட்டு, "சுரை, நான்தான்," என்றாள். காய் காற்றில் ஆடியது, அவ்வளவுதான்.

"ஆத்தா, இது என்ன காய்?" என்று கேட்டான் கொம்பையா. ஓடி வந்த வியர்வையோடு நின்றான். அவனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை.

"சுரைக்காய்யா," என்றாள்.

"நல்லாருக்குமா?"

அவள் ஒன்றைப் பறித்து அரிந்தாள். மகன் கையை நீட்டினான். கொடுக்காமல் முதல் துண்டைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனிப்பு இல்லை, கசப்பும் இல்லை, தண்ணீர் மாதிரி இருந்தது. அதைக் கொடுத்தாள். அடுத்த காயை வைத்துப் பார்த்தாள். அது கசந்தது. துப்பாமல் அதை முழுங்கிவிட்டு, "இது உனக்கு வேண்டாம்யா," என்றாள்.

அன்று முதல்தான் சுரைக்காய்க்குப் பேச்சும் இல்லை, சொந்த ருசியும் இல்லை. எப்போதாவது ஒரு காய் இன்னும் கசந்துவிடுகிறது. அதனால்தான் சுரைக்காய் அரிகிறவள் எவளானாலும், கசப்பு இருந்தால் அது தன்னோடு போகட்டும் என்று, பிள்ளைக்கு முன்னால் ஒரு துண்டைத் தன் நாக்கில் வைத்துப் பார்க்கிறாள்.