வகுபடாத எண்

விடுதியில் என் அறையில் தங்கியிருந்தவன் சொன்ன கதை இது. நடந்ததா என்று அவனுக்கும் தெரியாது.

ஒரு சமஸ்தானத்தில் வேதமூர்த்தி என்ற ஆஸ்தானக் கணிதர் இருந்தார். ராஜாவின் கொடியில் அச்சிட 40874087 என்ற எண்ணைக் கொடுத்திருந்தார். "ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் வகுபடாது, நம் ராஜ்யத்தைப் போல!" என்று சபையில் மார்தட்டினார். கொடியைக் கொண்டுவந்த துணி அச்சுக்காரி சிலம்பாயி சிரித்துவிட்டாள்.

"என்னடி இளிப்பு? மீதியில்லாமல் வகுக்கும் ஒரு எண்ணைச் சொல். முடியாவிட்டால் இன்றே ஊரைவிட்டுப் போ!" என்றார் வேதமூர்த்தி.

"எட்டு இலக்கத்துக்கும் நான் கட்டை செதுக்கலீங்க சாமி. 4087னு ஒரே கட்டைதான், பக்கத்துல பக்கத்துல ரெண்டு தடவை குத்தினேன். முதல் குத்து பத்தாயிரம் 4087. அடுத்தது இன்னும் ஒரு 4087. 4087ஆல வகுத்தா பத்தாயிரத்து ஒண்ணு வருது. மீதி எங்க சாமி?"

ராஜா கணிதரிடம் திரும்பினார். "இந்த எண்ணைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆயிற்று?"

"மூன்று மாதம், மகாராஜா."

"கட்டை செதுக்க?"

"அரை நாளுங்க" என்றாள் சிலம்பாயி.

அன்றே ஊரைவிட்டுப் போனவர் வேதமூர்த்தி.

நான் பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்றையும் அந்த எண்ணையும் விட்டுவிட்டால், அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் பதினான்கு.