பதில் வரும்வரை யாரும் அசையக்கூடாது

முன்னொரு காலத்தில், குதிரை லாயமும் செல்போன் கோபுரமும் அக்கம்பக்கத்தில் இருந்த காலத்தில், நீர்முள்ளிக்கோட்டை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்ததாம். அதை ஆண்டவர் செம்பியராயர். நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது "மரியாதை" என்று சொல்லிவிட்டால் போதும், யோசிப்பதை நிறுத்திவிடுவார்.

அரண்மனைக்கு ஒரு இணையப் பக்கம் இருந்தது. அதை எழுதியவள் காத்தாயி. குடியானவர்கள் போனில் அதைத் திறந்து, "ஏரியில் எவ்வளவு தண்ணீர்?" என்ற பொத்தானை அழுத்துவார்கள். அவள் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் அந்தப் போனுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, ஏரிக்கரையில் இருக்கும் சர்வரைக் கூப்பிட்டுக் கேட்கும். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். மழைநாளில் ரொம்பவே ஆகும். அதுவரை ஓரமாக ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். ஜனங்கள் பாட்டுக்கு அதே பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் விடத் தங்கள் முறை எப்போது என்று பதிந்துகொண்டிருப்பார்கள்.

பிரதானி சங்குபாணிக்கு இது பொறுக்கவில்லை. காத்தாயி நல்ல பெயர் எடுப்பது பொறுக்கவில்லை என்பதுதான் நிஜம்.

"மகாராஜா! கேள்வி போவது தங்கள் முத்திரையோடு. பதில் வருவதற்குள் ஜனங்கள் பக்கத்தை மேலே தள்ளுகிறார்கள், கீழே தள்ளுகிறார்கள். இதுவா மரியாதை? பதில் வரும்வரை பக்கம் அப்படியே கைகட்டி நிற்க வேண்டாமா?"

"அதானே!" என்றார் ராஜா. "காத்தாயி, நாளைக்குள் மாற்று. இல்லாவிட்டால் உன் வேலையை வேறு ஆள் பார்க்கட்டும்."

காத்தாயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேலை போவது ஒரு பக்கம். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும். பதிலுக்காக அதை நிறுத்தி வைத்தால் பக்கம் முழுக்கக் கல்லாகிவிடும். யாரும் முறை பதிய முடியாது. கதிர் வாங்குகிற நேரத்தில் நெல் காய்ந்துபோகும். இதையெல்லாம் விளக்கினால் ராஜாவுக்குக் கொட்டாவி வரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"உத்தரவு மகாராஜா," என்றாள் பவ்யமாக. "ஆனால் இத்தனை பெரிய மரியாதை முதலில் சபையில் அல்லவா நடக்க வேண்டும்? போனை விடுங்கள். தாங்களே ஏரிக்கு ஆள் அனுப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை இங்கே யாரும் அசையக்கூடாது. தாங்களும்தான்."

"பேஷ்!" ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மடியில் பணியாரத் தட்டு. கையில் ஒரு பணியாரம். "வீரணா! ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டு வா!"

பெரிய மீசை வைத்த வீரணன் குதிரையைத் தட்டிவிட்டான்.

"அசையாதீர்கள்!" என்றாள் காத்தாயி.

ராஜாவின் பணியாரம் பாதி வழியில் நின்றது. திறந்த வாய் திறந்தபடி. பிரதானி படியேறப் போன கால் அந்தரத்தில். ஒரு நாழிகை ஆயிற்று. ஈ ஒன்று வந்து ராஜாவின் மூக்கில் உட்கார்ந்து காலைத் தேய்த்தது. ராஜா முழித்தார். அப்புறம் ஜன்னல் வழியே ஒரு குரங்கு வந்தது. அதற்கு உத்தரவு எதுவும் இல்லையே! மடியில் இருந்த தட்டைக் காலி செய்தது. கையில் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டது. போகிறபோது பிரதானியின் தலைப்பாகையை உருவித் தன் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டது.

"போதும்! போதும்!" என்று துள்ளி எழுந்தார் ராஜா.

"மகாராஜா, பதில் இன்னும் வரவில்லையே?"

"வராவிட்டால் போகட்டும்! 'விரட்டு' என்று சொல்ல முடிகிறதா? 'போதும்' என்று சொல்லத்தான் முடிகிறதா?"

"குடியானவர் போனும் அப்படித்தான் நிற்கும் மகாராஜா. வேண்டாம் என்று நிறுத்துகிற பொத்தானைக்கூட அழுத்த முடியாது."

"சரி தாயே, வேறு என்ன வழி?"

"வாசல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பதில் வந்தால் பலகையில் எழுதட்டும், வராவிட்டால் வரவில்லை என்று எழுதட்டும். தாங்கள் பணியாரத்தைச் சாப்பிடுங்கள். என் நிரல் இத்தனை நாளும் இதைத்தான் செய்துகொண்டிருந்தது."

அந்த நேரம் பார்த்து வீரணன் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். "மகாராஜா, ஏரிக் காவலர் சாப்பிடப் போய்விட்டாராம். அப்புறம் வரச் சொன்னார்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கைக் காப்பைக் கழற்றிக் காத்தாயியிடம் கொடுத்தார். "உன் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே அம்மா." பிறகு திரும்பினார். "பிரதானியாரே, நீரே ஏரிக்குப் போய்க் கேட்டு வாரும். நடந்தே போம்."

பிரதானி வெறுந்தலையைத் தடவிக்கொண்டார். "நான் வரும்வரை சபை காத்திருக்குமா, மகாராஜா?"

"அதெப்படி? வாசல்காரரிடம் சொல்லி வைத்துவிடுகிறேன். நீர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இங்கே எங்கள் வேலை பாட்டுக்கு நடக்கும்!"

சபையே கொல்லென்று சிரித்தது. சிரித்து முடித்து ஒவ்வொருவராகத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். கடைசியாகப் பிரதானியும் வெயிலில் ஏரிப் பக்கம் நடையைக் கட்டினார்.