மயில் திறந்து வைத்த தண்ணீர்ப் பந்தல்

ஒரு காட்டில் கோடை வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து போக மறுத்தது. காட்டோரக் கொய்யாத் தோட்டத்தில் கிணறு வற்றியது, வாய்க்கால் வெடித்தது.

கூழைக்கடா ஒன்று தூரத்து ஏரிக்குப் பறந்து பறந்து, தன் அலகுப்பையில் தண்ணீர் சுமந்து வந்து, தோட்டத்தில் கிடந்த மண்சட்டியை நிரப்பியது.

மயில் அதைப் பார்த்தது. உடனே தன் கையாள் காகத்தைக் கூப்பிட்டு, சட்டிக்கு மேல் மாவிலைத் தோரணம் கட்டச் சொன்னது.

"இது என் தண்ணீர்ப் பந்தல். நான் பேசித் திறந்து வைத்த பிறகுதான் யாரும் குடிக்க வேண்டும்" என்று சட்டிக்கு முன்னால் வந்து நின்றது. காகம் சட்டியின் விளிம்பில் காவலுக்கு ஏறியது.

தையல்சிட்டு பதறி வந்தது. அதன் குஞ்சு கூட்டில் வாயைப் பிளந்து கிடந்தது. கத்தக்கூடச் சத்தம் வரவில்லை.

"காகத்தண்ணே, ஒரு சொட்டு போதும். என் பிள்ளை சாகிறது."

"விழா முடியட்டும் தங்கச்சி. எதற்கும் ஒரு முறை இருக்கிறது."

"தாகத்துக்கு ஏது அண்ணே முறை?"

"உஸ்! தலைவர் பேசப் போகிறார்."

மயில் பேசியது. தன் பாட்டனின் ஆட்டத்தைப் பற்றிப் பேசியது. தன் கொண்டையைப் பற்றிப் பேசியது. கூழைக்கடாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வெயில் ஏறியது. சட்டியில் தண்ணீர் இறங்கியது. தாகத்தோடு கூடியிருந்த பறவைகளில் புறா காலை மாற்றி மாற்றி வைத்தது. தையல்சிட்டு கூட்டுக்கும் சட்டிக்குமாகப் பறந்துகொண்டே இருந்தது.

"பேசியே குடித்துவிடுவான் போலிருக்கிறதே!" என்றது மைனா.

தையல்சிட்டு சட்டென்று மயிலின் முன்னால் போய் நின்றது.

"தலைவரே, பேச்சு பிரமாதம்! ஆனால் தோகையை விரித்துப் பேசினால் அல்லவா காடே பார்க்கும்? காகத்தண்ணன் பின்னால் நின்றால் சிறகு தட்டுவது யார்?"

"அதுவும் சரிதான். காகமே, முன்னால் வா!" என்று மயில் தோகையை விரித்தது.

விரிந்த தோகை சட்டியை மறைத்தது. தையல்சிட்டு அதன் பின்னால் புகுந்து, அலகு நிறையத் தண்ணீர் மொண்டு கூட்டுக்குப் பறந்தது. மைனா நழுவியது. புறா நழுவியது. பிறகு எல்லாப் பறவைகளும் போய்க் குடித்தன.

மயில் தன் பேச்சில் தானே சொக்கிக் கண்ணை மூடியிருந்தது. காகமும் கவனிக்கவில்லை. தலைவரின் முகத்தைத் தவிர வேறெதையும் பார்த்து அதற்குப் பழக்கமில்லை.

"இதோ, பந்தலைத் திறந்து வைக்கிறேன்!" என்று மயில் திரும்பியது.

சட்டி காய்ந்து கிடந்தது.

"தலைவரே, எனக்குத் தொண்டை வறள்கிறது" என்றது காகம்.

"எனக்கும்தான்" என்றது மயில்.

கொய்யா மரத்துக் கூட்டிலிருந்து குஞ்சு கீச்சென்று கத்தியது.

கூழைக்கடா சிறகை உதறிக்கொண்டு எழுந்தது. "இன்னொரு நடை போய் வருகிறேன். அதற்குள் யாராவது அந்தத் தோரணத்தை அவிழ்த்துப் போடுங்கள்" என்றது.

நீதி: தவித்த வாய்க்குத் தண்ணீர் தருவதே உதவி, அதை மறித்து நின்று பெருமை பேசுவது களவு.