தேர்த் தேதியை அனுப்ப மறுத்த மெயில்

ஒரு ஊர்ல ஒரு மாரீஸ்வரி இருந்தா. தெருவுக்குத் தெரு காலண்டர் அச்சடிக்கிற ஊரு அது. தினம் ஒரு தாள் கிழிப்போமே, அந்த முந்நூத்தி அறுபத்தஞ்சு தாளையும் கம்ப்யூட்டர்ல கோக்குறது இவ வேலை. ம் சொல்லு... ம்.

ஒரு நாள் மத்தியானம் மூணரை மணி. அடுத்த வருஷத் தாளைச் சரிபாத்துக்கிட்டே வந்தவளுக்குத் திக்குன்னு ஆயிருச்சு. அம்மன் கோயில் தேரு பங்குனி பதினாலு. தாள்ல பதிமூணுன்னு விழுந்திருக்கு! அந்தத் தாள் நேத்தே அச்சாபீஸுக்குப் போயாச்சு. நாலு மணிக்கு மெஷின் ஓடும். நாப்பதாயிரம் காலண்டர்! அதை நம்பி வெளியூர்ச் சனம் புள்ளைகுட்டியோட ஒரு நாள் முன்னாடி வந்து நிக்குமே!

அப்போ அச்சாபீஸ் தங்கப்பழம் அண்ணாச்சிக்குப் போன் போட்டா.

"அண்ணாச்சி, தேரு தேதி தப்பு. நிறுத்துங்க."

"வாய்ச்சொல்லுக்குக் கை வைக்க மாட்டேன் தாயி. போன வருசம் பட்டது போதும். திருத்தின தாளை மெயில்ல அனுப்பு. நாலு வரைக்கும் பாப்பேன்."

அப்புறம் தாளைத் திருத்தி, அனுப்புன்னு தட்டினா. டொய்ங்! 'இணைய முடியவில்லை'ன்னு ஒரு கட்டம் வந்துச்சு. ஏன் முடியலன்னு சொல்லல.

நெட்டு ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினா. டொய்ங்! இணைய முடியவில்லை.

பாஸ்வேர்டு பதினோரு எழுத்து. விரல் விட்டு எண்ணி எண்ணி அடிச்சா. டொய்ங்!

கம்ப்யூட்டரையே அணைச்சுப் போட்டா. கிர்ர்ர்னு சுத்தி வந்து, திரும்பவும் டொய்ங்!

"வாயைத் தொறந்து காரணத்தைச் சொன்னா முத்தா உதிந்துரும்?"னு அதை வஞ்சா. சுவத்துக் கடிகாரத்துல மூணு அம்பத்து ரெண்டு.

அப்போ அந்தக் கட்டத்தோட மூலையில, எறும்பு மாதிரி 'விவரம்'னு ஒண்ணு இருந்துச்சு. என்னதான் இருக்குன்னு தட்டிப் பாத்தா. 'மெயில் நிலையத்தின் சான்றிதழ் காலாவதி. டிசம்பர் 31 வரை மட்டுமே செல்லும்.' மெயிலை வாங்குற இடம் கையில ஒரு அடையாளச் சீட்டு வச்சிருக்கும். சீட்டு செல்லலன்னா கம்ப்யூட்டர் பேச்சே வச்சுக்காது.

"இப்போ அக்டோபர்தானே? இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கிடக்கே. அதுக்குள்ள எப்படிக் காலாவதி? ஆமா... இந்தக் கம்ப்யூட்டர் இன்னைக்கு என்ன தேதின்னு நினைச்சுக்கிட்டு இருக்கு?"

கீழ் ஓரத்துல பாத்தா, அடுத்த வருஷம் மார்ச் இருபத்தெட்டு!

யாரு மாத்தினது? வேற யாரு, அவதான். காலண்டர் கோக்குறவங்களுக்கு அது ஒரு பழக்கம். எந்தக் கிழமைன்னு பாக்க, கம்ப்யூட்டர் தேதியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வச்சுக்குவாங்க. காலையில தேருக்குன்னு தள்ளி வச்சவ, திருப்பி வைக்கல. தூங்கிட்டியா? ம்.

தேதியை மாத்தி, அனுப்புன்னு தட்டினா. சுர்ர்ர்ர்... போயிருச்சு! மூணு அம்பத்தேழு.

போன் அடிச்சுது.

"வந்துருச்சு தாயி. பழைய தாளைக் கழட்டிட்டேன். ஏன் இம்புட்டு நேரம்?"

"நான் அடுத்த வருசத்துல இருந்தேன் அண்ணாச்சி. இப்பத்தான் வந்தேன்."

"வெயில்ல எங்கயும் அலைஞ்சியா?"ன்னாரு அவரு.

அப்புறம் பங்குனி பதினாலு வந்துச்சு. சனமெல்லாம் சரியா அன்னைக்கே வந்து வடம் பிடிச்சுது. கடகடகடன்னு தேரு நகந்துச்சு. தேரு நிலைக்குப் போயாச்சு, கதையும் நிலைக்கு வந்தாச்சு. கண்ணை மூடு, கண்ணு.