வண்டுக்கு ஒட்டிய போஸ்டர்

வேளாண் பல்கலைக்கழகத்து விரிவாக்க இயக்குநர் கோதண்டபாணி எழுதும் கட்டுரைகள் இணையத்தில் ஏறும். ஏறிய இடத்திலேயே கிடக்கும். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டை ஒழிப்பது பற்றிப் புதிதாக எழுதியதற்கும் அதே கதிதான். கோபமெல்லாம் தற்காலிக ஊழியர் செண்பகவல்லியின் தலையில்தான் விடிந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஊரே நின்னு இதைப் படிக்கணும். என் படம் இல்லாம ஒரு தாள் வெளியே போகக் கூடாது. இல்லேன்னா நீ வேலைக்கே வர வேண்டாம்!"

"சரிங்கய்யா" என்று போனாள் செண்பகவல்லி.

நம்ம ஜனம் எதைப் படிக்கிறதோ இல்லையோ, கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கண்டால் வண்டியை நிறுத்திக் கடைசி வரி வரைக்கும் படிக்கும். மறுநாள் சந்தைச் சுவரெல்லாம் கறுப்புக் கட்டம் போட்ட போஸ்டர். நடுவில் மாலை போட்ட வண்டு. 'ஆமணக்குப் புண்ணாக்கு கரைத்த பானையில் விழுந்து அகால மரணம்' என்று தொடங்கிக் கட்டுரை முழுவதும் அதிலே இருந்தது. தோப்புக்காரர்கள் நின்று படித்தார்கள், சிரித்தார்கள், நேரே புண்ணாக்குக் கடைக்குப் போனார்கள்.

இயக்குநர் மட்டும் கொதித்துப்போய் ஓடி வந்தார். போஸ்டரின் அடியில், 'துயரத்தில் வாடும் குடும்பத்தார்' என்ற இடத்தில், அவர் படம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, வண்டுக்கு நான் சொந்தக்காரனா?"

"உங்க படம் இல்லாம போகக் கூடாதுன்னுட்டீங்க. அஞ்சலி போஸ்டர்ல படம் போட ரெண்டே இடந்தாங்கய்யா. நீங்க உசிரோட இருக்கீங்களேன்னு கீழே போட்டேன்."