தவசியைப் பிடித்தவர்கள்

மலேசியாவில் குடித்துவிட்டுக் கடைக் கண்ணாடியை உடைத்த கபடிக் கேப்டன் தவசி, திருடர்கள் இருவர் தன்னைப் பிடித்து அதன்மேல் தள்ளியதாகப் போலீஸில் சொல்லிவிட்டான். உண்மை தெரியும்வரை அணியில் யாரும் ஊர் திரும்ப முடியாது என்றார், தமிழ் பேசும் இன்ஸ்பெக்டர் அம்மா. மாற்று ஆட்டக்காரன் இசக்கிக்கோ, ஊரில் பிறந்திருக்கும் மகளைப் பார்க்கும் தவிப்பு.

"நான் சொன்னதையே சொல்லணும். மாத்திப் பேசினா டீம்ல இருக்க மாட்டே" என்று மிரட்டினான் தவசி.

இன்ஸ்பெக்டர் விசாரித்தபோது இசக்கி பணிவாக நின்றான். "ஆமாங்க மேடம். ரெண்டே பேருதான். அண்ணனை அமுக்கிப் பிடிச்சாங்க. அசைய முடியாம அழுதுட்டாரு."

தவசி துள்ளி எழுந்தான். "எவன்டா பிடிச்சான்? ஏழு பேர் பிடிச்சே நான் நின்னதில்லை. என்னை ஒருத்தனும் தொடலை."

"நீங்க சொன்னதைத்தானே சொன்னேன், அண்ணே."

இன்ஸ்பெக்டர் சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் இசக்கி மனைவிக்குப் போன் போட்டான். "பாப்பாவுக்குப் பேரு வச்சிடாதே, நான் வந்து காதுல சொல்லணும். அழுறாளா? போனைக் கொஞ்சம் கிட்ட வை."