வரிசையில் முதல் ஆள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து ஒரே பெரிய கம்ப்யூட்டர். வேலைகள் அதில் வரிசையாக நிற்கும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. மேனேஜர் வேதமூர்த்தியின் விற்பனை அறிக்கை உள்ளே போனால் மத்தியானம்வரை வெளியே வராது. அதுவரை லாரி பில்கள் பின்னால் காத்துக் கிடக்கும்; பில் வராமல் லாரி கிளம்பாது.

"என் அறிக்கைக்கு முன்னால எதுவும் நிக்கக் கூடாது. லாரியும் லேட்டாகக் கூடாது. நாளைக்கு இது நடக்கலைன்னா, அப்புறம் நீ வேலைக்கே வர வேண்டாம்!" என்று ஆபரேட்டர் அல்லியிடம் கத்தினார் மேனேஜர்.

"செஞ்சிடலாம் சார்."

மறுநாள் காலையிலேயே லாரிகள் கிளம்பிவிட்டன. மேனேஜர் பெருமையாக முதலாளியை அழைத்து வந்து திரையைக் காட்டினார்.

"பாருங்க ஐயா, வரிசையில நான்தான் முதல்!"

முதலாளி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "உனக்குப் பின்னால ஒருத்தரையும் காணோமேப்பா?"

"லாரி பில்லுக்கு வேற வரிசை போட்டுட்டேன் ஐயா. ரெண்டும் ஒரே நேரத்துல ஓடும்," என்றாள் அல்லி. "இது சாருக்கு மட்டும். இதுல அவரை யாரும் முந்தவே முடியாது."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். அல்லி பணிவாக மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா சார்?"

முதலாளியின் சிரிப்பு நின்றது. அவர் மேனேஜரைப் பார்த்தார்.

"சீக்கிரமே வந்துடும்மா," என்றார் மேனேஜர்.